கெல்ப் காட்டுக்குள் ஒரு டைவ்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் கரையிலிருந்து நடந்தே கடலில் இறங்கி, கெல்ப் வளர்ந்த பாறைத்திட்டில் ஸ்கூபா டைவ் செய்வதைப் பற்றி எழுதியிருந்தேன். கெல்ப் என்பது குளிர்ந்த கடல்களில் பாறையைப் பற்றிக்கொண்டு வளரும் பெரிய பழுப்புப் பாசி. சில இனங்கள் 30 மீட்டரையும் தாண்டும். அந்தக் கட்டுரைக்கு வந்த கேள்விகளில் நிறைய ஒரே அச்சத்தைச் சுற்றியே இருந்தன. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

கேள்வி: வெதுவெதுப்பான கடலில், பவளப்பாறைகளுக்கு நடுவே டைவிங் கற்றுச் சான்றிதழ் வாங்கியிருக்கிறேன். இப்போது நண்பர் கெல்ப் டைவுக்குக் கூப்பிடுகிறார். கடல் அமைதியாக இருக்கும் நாளாகப் பார்த்துப் போகலாம் என்கிறார். ஆனால் அந்தத் தண்டுகள் காலைச் சுற்றிக்கொண்டு, அடியிலேயே மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? நினைத்தாலே மூச்சு முட்டுகிறது.

உங்கள் பயம் நியாயமானது. அதை முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்கிறவரோடு டைவ் செய்யத்தான் எனக்கும் பிடிக்கும்.

கெல்ப் தானாக வந்து யாரையும் பிடிப்பதில்லை. நாம் அதை உரசிக்கொண்டு போகும்போது, நம் உடம்பிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்றில் ஒரு தண்டு மாட்டுகிறது. சிலிண்டர் வால்வு, காலில் மாட்டும் துடுப்பான ஃபின்னுடைய பட்டையின் தொங்கும் நுனி, காலில் கட்டிய கத்தியின் பிடி, பக்கத்தில் ஆடும், காற்றழுத்தம் காட்டும் கேஜ். இவற்றில் வால்வுதான் அதிகம் மாட்டும், ஏனென்றால் அது தலைக்குப் பின்னால், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. முன்னே போக முடியாமல் ஓர் இழுப்பு தெரியும். உடனே திரும்பிப் பார்க்கத் தோன்றும். அதை மட்டும் செய்யாதீர்கள். நீங்கள் ஒரு சுற்று சுற்றினால் ஒரு தண்டு மூன்று சுற்றாகிவிடும். நில்லுங்கள். நிதானமாக இரண்டு மூச்சு விடுங்கள். அப்புறம் அரை மீட்டர் பின்னால் நகருங்கள், பல சமயம் அதிலேயே கழன்றுவிடும். கழலவில்லையென்றால் கூட்டாளிக்குச் சைகை காட்டிவிட்டு அசையாமல் இருங்கள். அவருக்கு அது சில விநாடி வேலை.

எந்தக் கெல்ப் என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். கலிஃபோர்னியா கரையில் பார்க்கும் ராட்சதக் கெல்ப்பின் தண்டு மெல்லியது. நீளவாக்கில் எவ்வளவு இழுத்தாலும் தாங்கும், ஆனால் இரண்டு கைகளாலும் பிடித்துச் சட்டென மடக்கினால் ஒடிந்துவிடும். அதனால் இழுத்துப் போராடாமல் மடக்கி ஒடிக்க வேண்டும். அதே கரையின் வடபகுதியில் வளரும் புல் கெல்ப்புக்கு (புல் என்பது இங்கே bull, அதாவது காளை) இந்த வித்தை அவ்வளவாகப் பலிக்காது. அது ரப்பர் குழாய் போன்ற ஒற்றைத் தண்டு, அதற்கு வெட்டுக்கருவி வேண்டும். தென்னாப்பிரிக்காவின் ஃபால்ஸ் பே பக்கம் வளரும் எக்லோனியா ஒவ்வொன்றும் தனித்தனி மூங்கில் கழிபோல நிற்கும், அதை ஒடிக்கவும் வேண்டாம், அது சுற்றவும் செய்யாது, விலகிப் போனால் போதும். நார்வே, ஸ்காட்லாந்துக் கரைகளில் உள்ள லாமினேரியா பெரும்பாலும் நீர்மட்டம் வரை வருவதே இல்லை. அதன் தலைக்கு மேலே நீந்தலாம்.

வெட்டுக்கருவி என்றதும் பலரும் பெரிய கத்தி வாங்குகிறார்கள். எனக்குச் சின்னக் கத்தரிக்கோல்தான் பிடிக்கும். தண்டு என்று நினைத்து, மூச்சுக்குக் காற்று தரும் ரெகுலேட்டர் ஹோஸில் கத்தியை வைத்துவிடும் ஆபத்து அதில் குறைவு. எங்கே வைத்தாலும் இரண்டு கைக்கும் எட்டும்படி வையுங்கள். காலில்தான் கட்டுவேன் என்றால் கெண்டைக்காலின் உட்பக்கம் கட்டுங்கள். இறங்குவதற்கு முன் ஃபின் பட்டைகளின் நுனியை உள்பக்கம் திருப்பி, மேலே டேப் ஒட்டிவிடுங்கள். பிசிடியில் (காற்றடித்து மிதப்பைச் சரிசெய்யும் மேலங்கி) தொங்கும் எதையும் கிளிப்பில் மாட்டுங்கள். இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்தவர்களுக்கு மாட்டிக்கொள்வது அபூர்வம் என்பதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: கடல் அமைதியாக இருக்கிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கரையில் நின்று பார்த்தால் கண்ணாடிபோல இருக்கிறது. அது போதாதா?

போதாது. கெல்ப் உள்ள இடத்தில் கண்ணாடிபோலத் தெரிவதை மட்டும் நம்பவே கூடாது. நீர்மட்டத்தில் பாய் விரித்ததுபோல் கிடக்கும் இலைகள், காற்று எழுப்பும் சின்னச் சின்ன அலைகளை அமுக்கிவிடும். அதனால் வெளியே சலசலப்பு இருக்கும்போதுகூடக் கெல்ப்புக்குள் எண்ணெய் ஊற்றியதுபோல் தெரியும். ஆனால் தொலைவில் எங்கோ அடித்த புயலிலிருந்து உருண்டு வரும் நெடு அலையை, டைவர்கள் ஸ்வெல் என்று சொல்வதை, அந்த இலைகள் பெரிதாகத் தடுப்பதில்லை. அது அடியால் வந்து பாறையில் மோதும்.

அலை அறிக்கையில் எல்லாரும் உயரத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பார்ப்பது ஓர் அலைக்கும் அடுத்த அலைக்கும் இடையே எத்தனை விநாடி என்பதை. ஆழ்கடலில் 5 விநாடி இடைவெளியுள்ள அலையின் நீளம் ஏறத்தாழ 40 மீட்டர். அதன் அசைவு, நீளத்தில் பாதியான 20 மீட்டர் ஆழத்துக்குள் அடங்கிவிடும். 14 விநாடி இடைவெளி என்றால் நீளம் 300 மீட்டரைத் தாண்டும், அசைவு 150 மீட்டர் ஆழம் வரை இறங்கும். இரண்டுக்கும் உயரம் ஒரே 1 மீட்டராக இருக்கலாம். முதலாவதில் பத்து மீட்டர் ஆழத்தில் லேசாக ஆடுவீர்கள். இரண்டாவதில் பாறைக்கும் பாறைக்கும் நடுவே போய்வந்து கொண்டிருப்பீர்கள். அதனால் உயரம் குறைவு, இடைவெளியும் குறைவு, காற்று இல்லை, இந்த மூன்றும் சேர்ந்தால்தான் என் கணக்கில் அமைதியான நாள்.

அப்புறம், கரைக்குப் போனதும் உபகரணத்தை எடுக்காதீர்கள். இருபது நிமிடம் உட்கார்ந்து பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும், பிறகு நீண்ட இடைவெளி விடும். ஐந்து நிமிடம் மட்டும் பார்த்தவர் அந்த இடைவெளியை மட்டுமே பார்த்திருப்பார். ஏறப்போகும் இடத்தை வைத்தே முடிவெடுங்கள், இறங்கும் இடத்தை வைத்து வேண்டாம். இறங்கும்போது புதுத் தெம்பு, முழு சிலிண்டர், உலர்ந்த கைகால். ஏறும்போது இது எதுவும் இருக்காது. இரண்டாவதாக இன்னோர் ஏறும் இடமும் கண்ணில் படவில்லையென்றால் நான் அங்கே இறங்குவதில்லை.

கடலின் ஏற்ற இறக்க நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். வற்றும்போது அதே நீளத் தண்டுகளுக்குத் தண்ணீர் குறைந்துவிடுவதால் மேலே இலைப்பாய் இன்னும் தடிமனாகும், மூழ்கியிருந்த வழுக்குப் பாறைகளும் வெளியே வந்துவிடும். உள்ளே போகும்போது இருந்த வழி திரும்பும்போது இருக்காது.

நீருக்குள் போனபின் தண்டுகளையே பாருங்கள். நேராக நின்றால் நீரோட்டம் இல்லை. சாய்ந்தால் இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் ஓடுகிறது. முழுக்கப் படுத்துவிட்டால் அன்றைய டைவ் அவ்வளவுதான்.

கேள்வி: கெல்ப் மரமா, செடியா? என் பத்து வயது மகள் கேட்கிறாள்.

இரண்டும் இல்லை, பாசி. அடியில் வேர்போலப் பின்னிக்கொண்டிருப்பது வேரின் வேலையைச் செய்வதில்லை, பாறையைப் பிடித்துக்கொள்ள மட்டுமே. உணவுச்சத்தை இலையே நேராகக் கடல்நீரிலிருந்து எடுத்துக்கொள்கிறது. இலையடியில் உள்ள காற்றுப் பைகள் அதை வெளிச்சத்தை நோக்கித் தூக்கி நிறுத்துகின்றன. சூழல் சாதகமாக இருந்தால் ராட்சதக் கெல்ப் ஒரே நாளில் 60 சென்டிமீட்டர் வரை வளரும். புல் கெல்ப் ஏறத்தாழ ஒரே ஆண்டில் பிறந்து, வளர்ந்து, வித்திகளைத் தூவி முடிந்துவிடுகிறது. அதன் உச்சியில் இருக்கும் ஒற்றைக் குமிழுக்குள் உள்ள வாயுவில் கார்பன் மோனாக்சைடும் கலந்திருக்கிறது. இதை மகளிடம் சொல்லுங்கள், நிச்சயம் அடுத்த கேள்வி வரும்.

கேள்வி: கரையிலிருந்து டைவ் செய்யும்போது காற்றை எப்படிக் கணக்கிடுவது? சிலிண்டரில் 50 பார் (காற்றழுத்த அளவு) மீதம் வைத்து மேலே வந்தால் போதும் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்தார்கள்.

படகு டைவில் 50 பாரோடு மேலே வந்தால், படகு உங்களிடம் வரும். கரை டைவில் மேலே வந்த பிறகும் கரை அங்கேயேதான் இருக்கும், நடுவில் கெல்ப் பாய் இருக்கும். அந்தப் பாயின் மேல் கைகளை முன்னே நீட்டி, இலைகளை அமுக்கி, காலை அதிகம் உதைக்காமல் ஊர்ந்து போவதைக் கெல்ப் கிரால் என்பார்கள். எல்லாரும் பழகிவைத்திருக்க வேண்டும். ஆனால் இருபது மீட்டர் அப்படி ஊர்ந்தாலே ஆள் களைத்துவிடுவார். அதே இருபது மீட்டரை அடியால் நீந்துவது உலா போவது மாதிரி. ஆகவே, அடியாலேயே திரும்பி வருவதற்கான காற்றுதான் உங்கள் உண்மையான கணக்கு.

12 லிட்டர் சிலிண்டர், 200 பார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 2,400 லிட்டர் காற்று. அதில் 60 பாரைத் தொடவே கூடாது என்று ஒதுக்குங்கள். மீதி 140 பாரில் பாதி போவதற்கு, பாதி வருவதற்கு. அதாவது கேஜின் முள் 130ஐத் தொட்டதும் திரும்ப வேண்டும். இருவரில் யாருடைய முள் முதலில் தொடுகிறதோ அப்போதே இருவரும். நீர்மட்டத்தில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு வாங்குகிறவர் 10 மீட்டர் ஆழத்தில், அழுத்தம் இரட்டிப்பாவதால், 40 லிட்டர் செலவழிப்பார். 140 பார் என்பது 1,680 லிட்டர், ஆக 42 நிமிடம். கெல்ப் காட்டுக்கு அது தாராளம். ஆனால் குளிரிலும் பதற்றத்திலும் அந்த 20 லிட்டர் எகிறிவிடும். கணக்குப் போட்டாயிற்று என்று கேஜைப் பார்க்காமல் இருக்காதீர்கள்.

போகும் வழியும் காற்றைச் சேமிக்கும். கெல்ப் பாறையில்தான் பிடிக்கும், மணலில் பிடிக்காது. அதனால் பாறைகளுக்கு நடுவே உள்ள மணல் வாய்க்காலின் மேல், மல்லாந்து, பிசிடியில் காற்றடித்து, நிதானமாகத் திட்டின் வெளி விளிம்பு வரை நீந்திப் போங்கள். அங்கே கூட்டாளியோடு மூச்சைச் சமன்செய்து, திசைகாட்டியில் கரை எந்தப் பாகை என்று பார்த்துக்கொண்டு, கால் கீழாக இறங்குங்கள். தலைகீழாக இறங்கினால் வால்வு தண்டுகளைச் சேகரித்துக்கொண்டே போகும். திரும்பும்போது மணலில் உள்ள வரிகளும் உதவும், அவை பெரும்பாலும் கரைக்கு இணையாக ஓடும். ஆழம் குறைந்துகொண்டே வந்தால் சரியான வழிதான். இப்படிப் படிப்படியாக ஆழம் குறைவது கரை டைவில் உள்ள பெரிய வசதி, பாதுகாப்புக்காக 5 மீட்டர் ஆழத்தில் மூன்று நிமிடம் நிற்பதும் வேடிக்கை பார்த்துக்கொண்டே முடிந்துவிடும்.

இடையில் மேலே வரவேண்டி வந்தால் அண்ணாந்து பாருங்கள். பாயில் ஓட்டை இருக்கும் இடத்தில் வெளிச்சம் கற்றையாக இறங்கும். அதற்குக் கீழே வந்து, ஒரு கையை மேலே நீட்டி, மெதுவாக ஏறுங்கள். நீங்கள் விடும் குமிழிகளும் இலைகளைக் கொஞ்சம் ஒதுக்கித் தரும்.

கேள்வி: குளிருக்கு என்ன உடை? இடுப்பில் எவ்வளவு எடை கட்ட வேண்டும்? எனக்கு வெப்பக்கடல் அனுபவம் மட்டுமே.

ராட்சதக் கெல்ப் வாழும் நீர் பெரும்பாலும் 20 டிகிரி செல்சியஸுக்குக் கீழே. கலிஃபோர்னியாவின் மான்டரே வளைகுடாவில் 10 முதல் 15 டிகிரிதான் வழக்கம். 7 மில்லிமீட்டர் தடிமனுள்ள ரப்பர் உடையான வெட்சூட், தலையை மூடும் ஹூட், கையுறை, பூட்ஸ் கட்டாயம். அடிக்கடி போகிறவர்கள் நீர் உள்ளே புகாத டிரைசூட்டுக்கு மாறிவிடுவார்கள், அதற்குத் தனிப் பயிற்சி தேவை. ஹூட் அணிந்தால் மூச்சு அடைக்கிற மாதிரி இருக்கிறது என்று அதை விட்டுவிடுகிறவர்களை அறிவேன். தயவுசெய்து விடாதீர்கள். முதல்நாள் வீட்டிலேயே போட்டுப் பழகுங்கள்.

எடைக்கு ஒரு எண் சொல்லமாட்டேன். உடம்புக்கு உடம்பு, உடைக்கு உடை மாறும். ஆழமில்லாத இடத்தில் முழு உபகரணத்தோடு சோதித்துப் பாருங்கள்: பிசிடியைக் காலி செய்து, சாதாரண மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டால் நீர்மட்டம் கண் அளவில் நிற்க வேண்டும். மூச்சை விட்டால் மெல்ல அமிழ வேண்டும். முழு சிலிண்டரில் செய்தால் மேலும் 2 கிலோ சேர்த்துக்கொள்ளுங்கள். சிலிண்டருக்குள் உள்ள காற்றுக்கே கிட்டத்தட்ட 3 கிலோ எடை உண்டு, டைவ் முடியும்போது அதில் பெரும்பகுதி போய்விட்டிருக்கும். கடைசியில் ஆழமில்லாத இடத்தில் மிதந்து மேலே போனால், போய் மோதுவது கெல்ப் பாயில். தடித்த வெட்சூட் ஆழத்தில் அமுங்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். மிதப்பு குறையும், கதகதப்பும் குறையும். பிசிடியில் சிறிது சிறிதாகக் காற்றைச் சேர்க்க வேண்டியிருக்கும்.

நடுக்கம் தொடங்கும்வரை காத்திருக்காதீர்கள். விரல் மரத்துப்போய்க் கொக்கியைக் கழற்ற வரவில்லை என்றாலே திரும்ப வேண்டிய நேரம் வந்துவிட்டது. மரத்த விரலால் கூட்டாளிக்கு உதவ முடியாது.

கேள்வி: பவளப்பாறையில் உள்ள வண்ணம் எதுவும் இதில் இல்லையே. பழுப்பு இலையைப் பார்க்கவா இவ்வளவு பாடு என்கிறார் என் கணவர்.

அவர் கையில் ஒரு நல்ல டார்ச்சைக் கொடுத்து, பாறை விளிம்பின் அடியில் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில மீட்டர் ஆழத்திலேயே நீர் சிவப்பை விழுங்கிவிடுகிறது. அதனால்தான் எல்லாம் பழுப்பாகவும் பச்சையாகவும் தெரிகிறது. டார்ச் விழுந்ததும் அந்தப் பாறை ஆரஞ்சுக் கடற்பஞ்சும், இளஞ்சிவப்புப் பாசியும், கருஞ்சிவப்பு நட்சத்திர மீனுமாக மாறிவிடும். நான் புதியவர்களைக் கூட்டிப்போகும்போது முதல் பத்து நிமிடத்தில் இதைக் காட்டிவிடுவேன்.

டார்வின் 1834இல் தென்னமெரிக்காவின் தென்கோடியில் கெல்ப்பை அலசிப் பார்த்துவிட்டு, இதை வெப்பமண்டலக் காடுகளோடுதான் ஒப்பிட முடியும் என்று எழுதினார். ஒரு காட்டை அழித்தால்கூட, கெல்ப் அழிந்தால் மடியும் அளவுக்கு உயிரினங்கள் மடியாது என்பது அவர் கணிப்பு. அவர் படகில் இழுத்துப்போட்டு உதறிப் பார்த்ததை நாம் இருக்கும் இடத்திலேயே பார்க்கலாம்.

ஒரே ஒரு தண்டைத் தேர்ந்தெடுத்து அடியிலிருந்து நுனிவரை மெதுவாகப் பார்ப்பதுதான் என் வழக்கம். அடியில், பாறையைப் பிடித்திருக்கும் அந்தப் பின்னலுக்குள், விரல் நுழையாத இடுக்குகளில் புழுக்களும் சிறு நண்டுகளும் பாம்புக்கை நட்சத்திரங்களும் குடியிருக்கும். ஆக்டோபஸ் குஞ்சு இருந்தாலும் ஆச்சரியமில்லை. கொஞ்சம் மேலே தண்டில் நத்தைகள் ஏறிக்கொண்டிருக்கும். இலையில் வெள்ளைச் சரிகை ஒட்டியதுபோல் ஒரு படலம் தெரியும். அது அழுக்கில்லை, பிரையோசோவா என்ற மிகச் சிறிய விலங்குகள் கூட்டமாகக் கட்டிய வீடு. அந்தச் சரிகையை மேய வரும் கடல்அட்டைபோன்ற நத்தையினம், நூடிபிராங்க், அதே வெள்ளை நிறத்தில் அதன் மேலேயே உட்கார்ந்திருக்கும். கண் பழகும்வரை தெரியாது. பழகிவிட்டால் அடுத்தடுத்துத் தெரியும். நீர்மட்டத்துக்குக் கீழே இலைக்கூரைக்குள் கெல்ப் நண்டு, இலையின் நிறத்திலேயே, முழங்கைகளை மடக்கிக்கொண்டு தொங்கும்.

கெல்ப் காட்டுச் சுறாக்களில் சில சின்ன இனங்கள் முட்டையைத் தோல் பைபோன்ற உறையில் இடுகின்றன. உறையின் ஓரத்தில் உள்ள கொடிச்சுருள் கடற்பாசியில் சுற்றிக்கொள்ளும். கலிஃபோர்னியாவில் ஸ்வெல் ஷார்க், தென்னாப்பிரிக்காவில் பஜாமா ஷார்க் இப்படித்தான். அந்த உறையைப் பறிக்காமல், பின்பக்கமிருந்து வெளிச்சம் வரும்படி நின்று பாருங்கள். உள்ளே குட்டி வளைந்து நெளிவது தெரியும். தெற்கு கலிஃபோர்னியா என்றால் பளீரென்ற ஆரஞ்சு நிற கரிபால்டி மீன். ஆண் மீன் தன் கூட்டைக் காக்க உங்கள் மாஸ்க் வரை வந்து முறைக்கும். 1995 முதல் அதுதான் அந்த மாநிலத்தின் அதிகாரபூர்வக் கடல்மீன், பிடிக்கத் தடை. அதன் கூட்டுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொண்டே இருக்காதீர்கள். அது உங்களை விரட்டும் நேரத்தில் வேறு மீன்கள் முட்டையைத் தின்றுவிடும்.

சீல் வந்து ஃபினைக் கடித்துப் பார்ப்பதும் உண்டு. துரத்திப் போகாமல் இருந்தால் தானாக மறுபடி வரும்.

கேள்வி: கடல் முள்ளெலிகள்தான் கெல்ப் காடுகளை அழிக்கின்றன என்று படித்தேன். டைவ் செய்யும்போது நாமே நாலைந்தை நசுக்கினால் நல்லதுதானே?

உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. முள்ளெலிகள் மொட்டையடித்த பாறையின் மேல் நீந்தியிருக்கிறேன். காடு இருந்த இடம் என்று தெரிந்துகொண்டே நீந்துவது வேதனை. ஆனால் தயவுசெய்து கை வைக்காதீர்கள்.

உடம்பெல்லாம் முள்ளோடு உருண்டையாக இருக்கும் இந்தச் சிறு கடலுயிர், முள்ளெலி, அந்தக் காட்டுக்கு எப்போதும் உரியதுதான். விழுந்த இலையைத் தின்றுகொண்டு இடுக்கில் கிடக்கும். அதைத் தின்கிறவர்கள் இல்லாமல் போனபோதுதான் வெளியே வந்து அடித்தண்டையே தின்னத் தொடங்கியது. வட பசிபிக்கில் அப்படித் தின்கிறவர் கடல் நீர்நாய். தினமும் தன் எடையில் கால்பங்கு அளவுக்குச் சாப்பிடும். அதன் அடர்ந்த ரோமத்துக்காக 18ஆம் நூற்றாண்டிலிருந்து வேட்டையாடி, 1911இல் பன்னாட்டு ஒப்பந்தம் வந்தபோது அங்கங்கே சிறு கூட்டங்களே மிச்சம். அலாஸ்காவின் அலூஷியன் தீவுகளில் நீர்நாய் உள்ள தீவையும் இல்லாத தீவையும் ஒப்பிட்டு, நீர்நாய் இருந்தால் கெல்ப் இருக்கிறது என்று 1974இல் ஆய்வாளர்கள் ஜேம்ஸ் எஸ்டெஸும் ஜான் பால்மிசானோவும் காட்டினார்கள்.

வடக்கு கலிஃபோர்னியாவில் அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தது ஒரு மீட்டர் அகலம்வரை வளரும் சூரியகாந்தி நட்சத்திர மீன். 2013இல் தொடங்கிய நோயில் அது உருகிக் கரைந்து காணாமல் போனது. நோய்க்குக் காரணம் ஒரு பாக்டீரியா என்பதையே 2025இல்தான் கண்டுபிடித்தார்கள். அந்த நோயோடு 2014 முதல் 2016 வரையிலான கடல் வெப்ப அலையும் சேர்ந்தது. குளிர்ந்த, சத்துள்ள நீர் இல்லாமல் கெல்ப் மெலிந்தது, முள்ளெலி பெருகியது. புல் கெல்ப்பில் 90 சதவீதத்துக்கு மேல் போயிற்று. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் ராட்சதக் கெல்ப் ஏறத்தாழ 95 சதவீதம் அழிந்திருக்கிறது. அங்கே வெப்ப நீரோட்டம் தெற்கே நீண்டுவர, நீளமுள் முள்ளெலியும் அதோடு வந்து குடியேறிவிட்டது.

இதில் இன்னொன்று, உணவு தீர்ந்தபிறகும் முள்ளெலி சாவதில்லை. உள்ளே ஒன்றுமில்லாத வெற்று ஓடாக ஆண்டுக்கணக்கில் உயிரோடிருக்கும். ஒரு தளிர் முளைத்தாலும் தின்றுவிடும். எனவே நாலைந்தை நசுக்குவதால் பயனில்லை. ஒரு திட்டு முழுவதையும் மீண்டும் மீண்டும் அகற்றிக்கொண்டே இருந்தால்தான் கெல்ப் முளைக்க இடம் கிடைக்கும். அதை அனுமதி பெற்ற குழுக்கள் இடம் குறித்து, எண்ணி, பதிவு செய்து செய்கின்றன. பல கரைகளில் தனியாள் செய்தால் சட்டப்படி குற்றம், காப்பகங்களில் ஒரு கிளிஞ்சலைக்கூட எடுக்கக் கூடாது. மனம் இருந்தால் அப்படி ஒரு குழுவில் சேருங்கள். எண்ணும் வேலைக்கு டைவர்கள் எப்போதும் தேவைப்படுகிறார்கள்.

கேள்வி: வயது ஐம்பத்தெட்டு, முழங்கால் வலி உண்டு. வழுக்குப் பாறையில் இவ்வளவு எடையைச் சுமந்துகொண்டு இறங்க முடியுமா, மேடம்?

மருத்துவர் டைவிங்குக்குச் சம்மதித்துவிட்டார் என்றால், முடியும். அமைதியான நாளின் அருமை உங்களுக்குத்தான் அதிகம், ஏனென்றால் அன்றைக்குச் சில சலுகைகளை எடுத்துக்கொள்ளலாம். கூட்டாளி சிலிண்டர் மாட்டிய பிசிடியைக் காற்றடித்துத் தண்ணீரில் மிதக்க விடட்டும், நீங்கள் இடுப்பளவு நீரில் நின்று அணிந்துகொள்ளுங்கள். எடைப் பட்டையை மட்டும் கரையிலேயே கட்டிக்கொள்ளுங்கள். பாசி படர்ந்த பாறையில் நின்று சமாளிக்கப் பார்க்காமல் உட்கார்ந்து நகர்ந்து இறங்குங்கள். நீர் தொடைக்கு வந்ததுமே நீந்தத் தொடங்கிவிடுங்கள், நடப்பதைவிட அது பத்திரம்.

ஏறும்போது ரெகுலேட்டர் வாயிலும் மாஸ்க் முகத்திலும் இருக்கட்டும். கரையேறி உட்காரும்வரை கழற்றாதீர்கள். பெரிய அலைக்கூட்டம் போனபின் வந்து, கைகளும் முழங்கால்களும் ஊன்றித் தவழ்ந்தே ஏறுங்கள். என் மாணவர்கள் எல்லாரையும், இருபது வயதுக்காரர்களையும், அப்படித்தான் ஏறச் சொல்கிறேன்.

கேள்வி: நீச்சல் தெரியாது. ஸ்கூபா கற்கலாமா?

முதலில் நீச்சல். 200 மீட்டர் நீந்தவும், பத்து நிமிடம் மிதக்கவும் முடிய வேண்டும் என்று முதல்நிலைப் பயிற்சியிலேயே கேட்பார்கள். அதுவும் குறைந்தபட்சம்தான்.

கேள்வி: தண்டுகளுக்கு நடுவே கூட்டாளியைத் தவறவிட்டால்? அங்கே நாலடி தள்ளிப் போனாலே ஆள் தெரியமாட்டார் போலிருக்கிறதே.

உண்மைதான், கெல்ப்பில் ஆள் தொலைவது எளிது. அதனால் நான் கை நீட்டினால் தொடும் தூரத்தை விதியாக வைத்திருக்கிறேன். ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால் போவதைவிடத் தோளோடு தோள் போவது நல்லது. தண்டு குறுக்கே வந்தால் இருவரும் ஒரே பக்கமாக விலகுங்கள், ஆளுக்கொரு பக்கம் வேண்டாம். பகலானாலும் இருவரும் டார்ச் வைத்திருங்கள், இலை இருட்டுக்குள் அது தூரத்திலிருந்தே தெரியும்.

தவறவிட்டால், இருந்த இடத்திலேயே மெதுவாக ஒரு சுற்றுத் திரும்பிப் பாருங்கள். மேலேயும் பாருங்கள், குமிழி ஏறும் இடம் தெரியலாம். சிலிண்டரை எதையாவது வைத்துத் தட்டுங்கள். ஒரு நிமிடம், அதற்கு மேல் தேட வேண்டாம். அருகிலுள்ள ஓட்டை வழியாக நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மிகாத வேகத்தில் மேலே வாருங்கள். அவரும் அதையே செய்வார் என்ற நம்பிக்கை இருந்தால்தான் இது பலிக்கும். ஆகவே கரையிலேயே இதை இருவரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள்: எத்தனை நேரம் தேடுவது, எந்தப் பக்கத்து விளிம்பில் சந்திப்பது, ஒருவர் மேலே வராவிட்டால் கரையில் இருப்பவர் யாரை அழைப்பது. கரையில் ஒருவர் போனோடு இருக்கும்படி ஏற்பாடு செய்துவிட்டு இறங்குங்கள்.